ஆறு புள்ளி இரண்டு

பக்கத்துக் கட்டில் தோய்வோ முடங்கியிருந்த வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியதும் நர்ஸ் மின்னா சிரித்த சிரிப்பைப் பார்த்து ரைலிக்கு வயிறு எரிந்தது. தோய்வோ, அவள் கணவர் வெய்கோ, இரண்டு கிழவர்களும் ஒரே செவ்வாய்க்கிழமை, அரை மணி நேர இடைவெளியில், பின்லாந்தின் அந்த ஏரிக்கரை ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் வந்து சேர்ந்தவர்கள். இருவருக்கும் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. தொடை வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்ததும் ஒரே டாக்டர்தான். இன்று சனிக்கிழமை. தோய்வோ ஐஸ் ஹாக்கி பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார். அவளுடைய வெய்கோ கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நாற்பத்தாறு வருடம் கூப்பிட்ட அவள் பெயர் அவருக்கு வரவில்லை. அவள்தான் கட்டிலருகே குனிந்து நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள், "ரைலி. சொல்லுங்க, ரைலி" என்று. அவர் உதடு கோணி, வெறும் காற்று மட்டும் வெளியே வரும்.

ஏன் இப்படி என்று வியாழக்கிழமையே மின்னாவைக் கேட்டிருந்தாள்.

"இவருக்கு வந்தப்பவே சர்க்கரை பதினாலு. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆறு புள்ளி ரெண்டு. அடைப்பை எடுத்தாலும், முதல் சில நாள் சர்க்கரை ஏறி நின்னா மூளை மெதுவாத்தான் தேறும். அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா அதை நாங்க கவனிச்சாகணும்."

அந்த ஊர் அளவில் பதினாலு என்றால் நம் கணக்கில் இருநூற்றைம்பது. வெய்கோவுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே அன்றுவரை யாருக்கும் தெரியாது. பத்து வருடமாக அவர் டாக்டர் பக்கம் போனதில்லை.

அதைக் கேட்ட பிறகும் அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ரைலி ஏலக்காய் பன்னைப் பிய்த்து, காபியில் நனைத்து, அவருக்கு ஊட்டினாள். விழுங்க முடிகிறதா என்று சோதித்ததில் அவர் அன்று காலைதான் தேறியிருந்தார். பன் இல்லாத காபியை அவள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. மருந்துச் சீட்டில் எழுதாத ஒரு துண்டு பன் என்ன செய்துவிடும்? வெள்ளியன்றும் ஊட்டினாள். சாயங்காலம் சர்க்கரை பதின்மூன்றரை வந்தது. ஏதாவது கொடுத்தீர்களா என்று மின்னா கேட்டபோது இல்லை என்றாள். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். காலையில் அந்தக் கோபம் சுலபமான வழியைக் கண்டுபிடித்துப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டது.

அங்கே தோய்வோவின் மனைவி அய்லா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். "இவர் வாயை மூட ஒரு மாத்திரை இருந்தா குடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்று மின்னாவிடம் அலுத்துக்கொண்டாள். ரைலி பொறாமையில் வெந்தாள். பேச்சு அதிகமாகிப்போனதாம் இவளுக்கு.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அய்லா காரை இடம் மாற்றக் கீழே போனாள். ரைலி பன் டப்பாவைத் திறந்தாள். ஒரே ஒரு நாள் அந்த ஆளுக்கும் பதின்மூன்று வரட்டும் என்று தன்னிடமே மறைக்காமல் நினைத்தாள், வெட்கப்படவில்லை. மேலே சர்க்கரை தூவிய பன்னாகப் பார்த்து எடுத்து நீட்டினாள்.

தோய்வோ வாசலைப் பார்த்தார். "அய்லா பார்த்தா தோலை உரிச்சிடுவா." பிறகு வலது கையால் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி, ரைலி."

அவள் அவரிடம் பெயர் சொன்னதில்லை. வெய்கோவுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டே கற்றிருக்கிறார். ஐந்து நாளாக அவள் காத்திருந்த பெயர், கிழட்டு ஆண்குரலில், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, வேறொரு வாயிலிருந்து வந்துவிட்டது.

"குடுங்க. வேணாம்" என்று பன்னைப் பிடித்து இழுத்தாள். தேறிய கை விடவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். சர்க்கரைத் துகள்கள் வெள்ளைப் போர்வையில் உதிர்ந்தன. அப்போதுதான் மின்னா சர்க்கரை பார்க்கும் கருவியோடு உள்ளே வந்து, இருவரையும் பார்த்து, நின்றாள்.

ரைலி பன்னை ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். வெய்கோ கூரையிலிருந்து கண்களை இறக்கியிருந்தார். அவள் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். பிறகு, மின்னா பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, நேற்றும் முந்தாநாளும் திறந்தது போலவே வாயைத் திறந்து, காத்திருந்தார்.