ஸ்பீக்கருக்கு ஒரு கோடு, காதுக்கு ஒரு கோடு

ஆதிகேசவனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சரிபார்த்து உள்ளே விடுவார். நல்ல பெயர் எடுத்த சப்ளையர் என்றால் பெட்டியைப் பிரிக்கவே மாட்டார். கூட வரும் சோதனை ரிப்போர்ட்டில் எண்கள் சரியாக இருந்தால் பாஸ். பதினாறு வருடத்தில் அந்தப் பழக்கம் அவரை ஒருமுறைகூடக் காலை வாரியதில்லை.

ஸ்பீக்கரையும் அப்படித்தான் வாங்கக் கிளம்பினார்.

ஜோடி இரண்டரை லட்சம். வாழ்க்கையில் ஒரு தடவைதான். அலசி அலசி இரண்டு மாடல்களில் வந்து நின்றார். இரண்டையும் அவர் குடியிருக்கும் திருப்பதியில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சென்னை டீலர் கோகுலகிருஷ்ணனும் ஆர்டர் கொடுத்தால்தான் வரவழைப்பார். பெட்டியைப் பிரித்துவிட்டால் முழுப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார். சித்தூர் நண்பர் ரகு, இரண்டும் பாடும் வீடியோவை அனுப்பி, "கேட்டுப் பாருண்ணா, வித்தியாசம் தெரியும்" என்றார். கேட்டார். இரண்டும் அவருடைய போன் மாதிரியே பாடின.

அந்த வாரம் கம்பெனியில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. காதைச் சோதித்த டாக்டர் ஒரு வரைபடத்தை நீட்டினார். நேராகப் போன கோடு கடைசியில் சரிந்திருந்தது.

"முன்னாடி தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ல இருந்தீங்களா?"

"ஒன்பது வருஷம் சார்."

"மெல்லிசான கீச்சுச் சத்தங்கள் போயிருக்கு. போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த மனைவி கன்னிகாவிடம் மூன்று தாள்களை விரித்தார். இரண்டில், எந்தச் சத்தம் எவ்வளவு ஏறும், இறங்கும் என்று காட்டும் ஸ்பீக்கர் வரைபடங்கள்; மூன்றாவது அவர் காதுடையது.

"இத்தப் பாரு. என் காது எங்க எறங்குதோ, அங்க மொதல் ஸ்பீக்கர் ஏறுது. ரெண்டாவது அடங்கிப் போவுது. மொதலாவது எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது."

"அப்ப என் காதுக்கு?"

"உனக்கு இன்னா, நல்லாத்தான கேக்குது."

"அதத்தான் சொல்றேன். நாள் பூரா இந்த ஹால்லதான உக்காந்துக்கினு இருக்கறேன். ஃப்ரிட்ஜ் கதவு தொறந்துக்கினு கீ கீன்னு கத்தும். நீங்க பக்கத்துலயே உக்காந்து துன்னுக்கினு இருப்பீங்க."

"ஃப்ரிட்ஜ் கத்துமா?"

கன்னிகா தையல் மெஷினை நிறுத்தினாள். "வாங்கின நாள்லருந்து கத்துது."

ஆதிகேசவன் தாள்களை அடுக்கினார். பிறகு மறுபடி விரித்தார்.

"அந்தக் கடைக்காரருக்குப் போன் போடுங்க" என்றவள், அவர் போட்டதும் போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, இந்த ரெண்டுல, வாங்கினவங்க எத திரும்ப விக்க வர்றாங்க?"

மறுமுனையில் கோகுலகிருஷ்ணன் சிரித்தார்.

"இது வரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல மேடம். மொதல் மாடல் அப்பப்ப வரும். ஒரு மாசம் பிரமாதம்பாங்க. அப்புறம் வீட்ல இருக்கறவங்களுக்குக் காது கூசுதும்பாங்க. ரெண்டாவது மாடல் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. அவரும் வெளிநாடு போறார்னு வித்தாரு. யோசிச்சுச் சொல்லுங்க."

ரிப்போர்ட்டில் இல்லாத எண் அது. எந்த ரிப்போர்ட்டிலும் வராது என்று ஆதிகேசவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"ரெண்டாவது வாங்கினா, அந்தக் கீச்சுச் சத்தம் எதுவும் எனக்கு வராது கன்னிகா. மொதலாவதுன்னா இன்னும் அஞ்சாறு வருஷமாவது கேப்பேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்: "அப்ப அதையே வாங்குங்க. நான் மெஷின உள்ரூம்ல போட்டுக்கறேன். கதவ சாத்திக்கினா ஒண்ணும் தெரியாது."

ஆதிகேசவன் உள்ரூம் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருக்க, இந்தப் பக்கம் இரண்டரை லட்ச ரூபாய் ஸ்பீக்கர், ஒரே ஒரு நாற்காலி, அதில் அவர். நினைத்துப் பார்த்தபோது பாட்டு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

போனை எடுத்தார். "சார், ரெண்டாவது மாடலே அனுப்பிடுங்க."

"ஆறு வாரம் ஆகும் சார்."

"ஆகட்டும்."

கன்னிகா மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஜாலரா, சலங்கையெல்லாம் எனக்கு வராது" என்றார். "வரும்போது நீ சொல்லு."

"சொல்றேன். பாட்டுக்கு நடுவுல 'இப்ப வந்துச்சா, இப்ப வந்துச்சா'ன்னு நச்சரிக்கக் கூடாது."