நாற்பது எண்ணும் வரை

மின்விளக்கு வராத காலம். புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடிக் கூரைக்கடியில் உட்கார்ந்து, பின்கழுத்துக்கு இரும்புக் கவ்வியை முட்டுக்கொடுத்து, படக்காரர் லென்ஸின் மூடியைக் கழற்றி மனசுக்குள் நாற்பது எண்ணி முடிக்கும்வரை சிலையாக இருக்க வேண்டும். தையல்காரி இரண்டு தடவை அப்படி இருந்தாள். இரண்டு படத்திலும் அவள் தோளருகே ஓர் ஆவி குனிந்து நின்றது. முகம் இல்லை, உடம்பு வழியாகப் பின்திரையின் மடிப்புகள் தெரிந்தன.

கூட வந்த அண்ணன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியூர் மாப்பிள்ளை படம் கேட்டிருந்தார்; இன்றைய மாலைத் தபாலில் போகாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகவும் எழுதிவிட்டார். முப்பத்திரண்டு வயதுத் தங்கைக்கு இன்னொரு வரன் அமைவது குதிரைக்கொம்பு என்று அண்ணன் பயந்தான்.

"யாருடி இவன்? எனக்குத் தெரியாம செத்தவன் எவனாவது இருக்கானா?"

"உயிரோட இருக்கறவனே இல்லை. செத்தவனுக்கு எங்கண்ணா போவேன்?"

படக்காரர் தொண்டையைச் செருமினார். "இந்த ஸ்டுடியோவோட பழைய முதலாளி இங்கதான் போய்ச் சேர்ந்தார். அவரா இருக்கலாம்."

அண்ணன் ஒரே ஓட்டமாக வாசலுக்குப் போய்விட்டான். தையல்காரிக்கு மூக்கில் வியர்த்தது. பழைய முதலாளிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையாமா? மற்றவர்கள் படமெல்லாம் சுவரில் பளிச்சென்று தொங்குகின்றனவே! இந்த மனிதர் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார். முந்தைய தடவைகளில் அவர் காட்டிய சுவராணியையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் தடவை உட்கார்ந்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் நுழைந்தார், வெளியே வந்தார். படம் பதியும் கண்ணாடித் தட்டைச் செருகினார். லென்ஸின் மூடியைக் கழற்றினார். பிறகு நேரே அவளிடம் வந்து, குனிந்து, ரவிக்கைக் காலரைச் சரிசெய்து, காதோர முடியை ஒதுக்கினார். போன இரண்டு தடவையும் இதெல்லாம் முன்னேற்பாடு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"மூடி எங்க?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

அவர் தம் இடது கையைப் பார்த்தார். மூடி அங்கே இருந்தது. திருதிருவென்று விழித்தார்.

"அப்ப, படம் பதியறப்ப பாதியில வந்து போன அந்த ஆவி... நான்தானா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் காலரை இழுத்து விடுவீங்களா?"

"விடுவேன். மூடியைக் கழட்டறதுக்கு முன்னாடி." அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்களைப் பாத்தா எது முன்னாடி, எது பின்னாடின்னே தெரியமாட்டேங்குது. மன்னிச்சிடுங்க. இப்ப ஒழுங்கா எடுத்துத் தர்றேன், தபாலுக்குப் போயிடும்."

பேயைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. கோபம்தான் வரமாட்டேன் என்றது. வெளியூர்க்காரரின் கையெழுத்தைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. இந்த மனிதரைப் பிடித்திருந்தது, நன்றாகவே பிடித்திருந்தது.

"புதுத் தட்டு போடுங்க," என்றவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணா, உள்ள வா. மூடியை நீ கழட்டு. நாப்பது எண்ணு."

"நானா? அப்ப படக்காரர்?"

தையல்காரி தன் பக்கத்தில் இடத்தைக் காட்டினாள்.

"வந்து நில்லுங்க," என்றாள் அவரிடம். "இந்தத் தடவை பாதியில போயிடாதீங்க."