காலண்டருக்குத் தெரியாத தேதி

உலகத்தில் இதுவரை எந்தச் சம்பவமும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நடந்ததில்லை. தினசரிக் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில், ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இந்த நாளில்’ என்று இரண்டு வரி எழுதுவது அவர் வேலை. பட்டப்பெயரும் ‘காலண்டர்’தான்.

“முந்நூத்தி அறுபத்தஞ்சும் இங்க இருக்கு” என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார். அங்கேயே மிஷின் ஓட்டும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எதற்கெடுத்தாலும் போனில் நினைவூட்டல் வைப்பவன். அவனைக் கண்டாலே இவருக்கு இளக்காரம்.

“பொண்டாட்டி பொறந்தநாளை போன் சொல்லணுமாடா? குடும்பம் நடத்துறது நீயா, அதுவா?”

ஒரே ஒரு சங்கடம், அடுத்த வருடத்துக் காலண்டரை இந்த வருடமே எழுதியாக வேண்டும். உடம்பு ஒரு தேதியிலும் புத்தி வேறொரு தேதியிலுமாக அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அன்று காலை மனைவி வாசலில் மறித்தாள்.

“இன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்குல்ல? போன வருஷம் மாதிரி மறந்தீங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

கண் லேசாகக் கலங்கியிருந்தது. உதட்டிலோ சிரிப்பு. போன வருடம் எதை மறந்தோம் என்பதும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

“என்கிட்டயா கேக்குற?” என்று கிளம்பிவிட்டார்.

அந்தத் தேதியில் ஒரு பாலம் திறந்தார்கள், ஒரு ராஜா ஊரைவிட்டு ஓடினான். அதுவரை தெரிந்தது. வீட்டில் என்ன நடந்தது?

மச்சானிடம் நூல்விட்டுப் பார்த்தார். “வீட்ல இன்னைக்கு என்னடா?”

“உங்களுக்கா தெரியாது அத்தான்? தலையைத் தட்டிப் பாருங்க, விழும்.”

மிஷினில் காகிதம் சிக்கிய எரிச்சலில் அவன் முகம் தொங்கியிருந்தது. இவரோ அவன் முகத்தை மட்டும் பார்த்தார். சரி, மாமனார் செத்த நாள்தான் என்று முடிவுகட்டினார். ஆனாலும் காலையில் பார்த்த அந்தச் சிரிப்பு? எதற்கும் இருக்கட்டுமென்று துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் பொருந்துகிற வெள்ளைப் பூ வாங்கினார். முகத்தையும் அப்படியே அமைத்துப் பார்த்தார்.

“பல்வலியா சார்?” என்றார் பூக்கடைக்காரர்.

வீட்டில் மனைவி புதுத்துணியில் நின்றாள். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. மாமனார் படத்தடியில் தலையைக் குனிந்துகொண்டார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. மனசைத் தேத்திக்கோ.”

“ஆறு வருஷமா தேத்திக்கிட்டுதாங்க இருக்கேன். இன்னைக்கு நம்ம கல்யாண நாளு.”

“அதைத்தான் சொல்றேன்” என்றார், முகத்தை எப்படி மாற்றுவதென்று தெரியாமல்.

அவள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டுப் பையை எடுத்தாள். மச்சானின் வண்டி வந்தது. “வரேன் அத்தான்” என்றவன் சிரிப்பை அடக்க இருமினான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். ஆளில்லாத வீட்டில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, போனை எடுத்துத் தட்டினார்: ‘கல்யாண நாள்.’

வருடாவருடம் நினைவூட்டவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றார். முந்தின நாளுமா என்று கேட்டது.

அதற்கும் ஆமாம் என்றார்.