லிம்பெர்த் பகிர்ந்த கோட்

லிம்பெர்த்துக்குத் தன் கம்ப்யூட்டர் கோட் துண்டுகளைப் பொதுவில் போடாவிட்டால் தூக்கம் வராது. ஒரு வெப்சைட்டைச் சர்வரில் ஏற்ற நாலு வரி உருப்படியாக எழுதிவிட்டால் போதும், எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் சேமித்து, இணைப்பை ஊர் முழுக்க அனுப்பிவிடுவான். கொச்சபம்பா நகரத்தில் எங்கள் தொழிலில் இருக்கும் பாதிப் பேர் அதை எடுத்து ஒட்டித்தான் பிழைக்கிறார்கள். நானும்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை, இறைச்சி அடைத்த சல்தேன்யா பலகாரத்தின் சாறு சட்டையில் சிந்தாமல் உறிஞ்சிக்கொண்டே அவன் வியாழக்கிழமை ராத்திரி போட்டிருந்த புதுத் துண்டைத் திறந்தேன். அடைக்கல இல்லத்தின் வெப்சைட்டுக்காக எழுதியது. புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்களை ஒளித்து வைத்திருக்கும் இல்லம் அது. அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் எங்கள் ஆபீஸ் சர்வரில் இருந்தது. என் தங்கை யோவானாவும் அவள் மகள் நைராவும் அதில் உண்டு; அவர்களுக்கு அவசரத்துக்கு என் நம்பர்தான். மகளைத் தூக்கிக்கொண்டு போகாமல் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டு திரிகிறான் அவள் புருஷன் வில்டெர். அந்த விவரங்களைத் திறக்கும் சாவி, பாஸ்வேர்டு மாதிரி ஒரு நீள எழுத்துக்கோவை, லிம்பெர்த்தின் துண்டுக்குள் அப்படியே கிடந்தது. பக்கத்து மேசையில் இருந்தவன் பக்கம் திரும்பினேன்.

"டேய் லிம்பெர்த்! சாவியோடவாடா போடுவ?"

"ஐயோ, அவசரத்துல ஒட்டிட்டேன் மார்லேனி. இரு, எடுத்துடறேன்." அந்த வரியை அழித்துச் சேமித்தான். "பாரு, போயிடுச்சு."

"எங்கடா போச்சு? பழைய பதிப்பைத் தட்டிப் பாரு, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. சாவியையே மாத்தணும்டா, மண்டு!"

முதலாளி தோன் எட்முண்டோ அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாற்றினால் சைட் கொஞ்ச நேரம் படுத்துவிடும். உள்ளே இல்லத்துக்கு நிதி கொடுக்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க போனதும் மாத்திக்கலாம்மா. அதை யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"சாவி எங்க கிடக்குன்னு மோப்பம் பிடிக்கறதுக்குன்னே புரோகிராம் எழுதி ஓட விட்டிருக்கானுங்க சார். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. மாற்றினேன். சைட் படுத்தது. உள்ளே அவர் கெஞ்சுவது கேட்டது. கெஞ்சட்டும், எனக்கென்ன. சர்வருக்குள் யார் யார் வந்து போனார்கள் என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமையே எவனோ மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான். தங்கையின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். 'ஓடிப்போன பெண்டாட்டிகள்' என்று தலைப்பு வைத்து ஒரு குழுவில் பட்டியலைப் பகிர்ந்திருந்தார்கள், பாவிகள். கீழே வரிசையாக ஆண்கள் நன்றி சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு நன்றி வில்டெருடையது.

தங்கைக்கு ஃபோன் போட்டேன்.

"யோவானா, எதுவும் கேட்காதே. ஸ்கூலுக்கு ஓடு. நைராவைக் கூட்டிக்கிட்டு அப்படியே எங்கயாவது போயிடு."

"ஸ்கூலுக்கு எதுக்குக்கா? டீச்சர் இப்பத்தான் கூப்பிட்டாங்க. மார்லேனி அனுப்பினாங்கன்னு ஒருத்தர் உன் நம்பரெல்லாம் சொல்லி அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாராமே." அவள் குரலில் துளிப் பயமில்லை. "உங்க ஆபீஸ்லருந்து யாரைக்கா அனுப்பின?"