மேல்நோக்கி விழுந்த கொசு

எனக்குக் கோபம் மூக்கு மேல வரும்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு அது மூக்கைத் தாண்டி உச்சந்தலைக்கே ஏறிடுச்சு. எல்லாம் எங்க சித்தப்பாவால.

சித்தப்பா ஸ்டுடியோ வச்சிருக்கார். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண வீடியோ, கம்பெனி விழா. கேமராவை லேசுல யார் கையிலயும் கொடுத்துட மாட்டார். நான் முன்னாடி மேஜையில உட்கார்ந்து, "எத்தனை காப்பி வேணும்?"னு கேக்கற ஆள். அப்பத்தான் அருங்காட்சியகத்துல இருந்து ஒரு வேலை வந்துச்சு. குழந்தைங்க பாக்கறதுக்குச் சிலந்தியைப் பத்தி ஒரு குட்டிப் படம். சித்தப்பாவுக்கு முட்டி வலி, தரையில படுத்தா எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். "சரி, நீயே எடு. அவங்களுக்குப் பிடிச்சா இனிமே வெளிவேலையெல்லாம் உனக்கு. பிடிக்கலைன்னா வாயை மூடிட்டு மேஜைக்கு வந்துடணும்"னார்.

நான் விடுவேனா? காலங்காத்தால ஸ்டுடியோவுக்குப் பின்னாடி வேலிச்செடி ஓரமா குப்புறப் படுத்துட்டேன்.

அங்க இருந்துச்சு விரிப்புவலைச் சிலந்தி. அரிசி மணி அளவுதான், ஆனா வேலையைப் பாக்கணுமே! சக்கரம் மாதிரி வலையெல்லாம் கிடையாது. கிளைகளுக்கு நடுவுல துண்டு விரிச்ச மாதிரி படுக்கையா ஒரு வலை. அதுக்கு மேல கன்னாபின்னான்னு குறுக்கும் நெடுக்குமா நூல். மேடம் விரிப்பு மேல உட்கார மாட்டாங்க. அடியில தலைகீழாத் தொங்குவாங்க. பறந்து வர்ற கொசு மேல் நூல்ல முட்டித் தடுமாறி விரிப்புல விழும். விழுந்ததுதான் தாமதம், மேடம் அடியிலயே ஓடி வந்து, விரிப்பு வழியாவே கடிச்சு, கிழிச்சுக் கீழ இழுத்துக்குவாங்க. சாப்பாடு முடிஞ்சப்புறம் கிழிசலை அவங்களே சரி பண்ணிடுவாங்க. அந்த ஒரு காட்சிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிடைச்சப்போ எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு, சொல்றதுக்கென்ன.

எடிட்டிங் சித்தப்பா வேலை. அதுல யாரையும் கிட்ட விடமாட்டார். அதனால முழுப் படத்தை நானே அருங்காட்சியகத்துல திரையிட்டப்போதான் பாத்தேன். பொறுப்பாளர் அம்மா முன்வரிசையில, அங்க வேலை பாக்கறவங்க பின்வரிசையில. நான் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லிட்டிருந்தேன். "இப்போ பாருங்க, கொசு விரிப்புல விழும்."

கொசு மேல்நோக்கி விழுந்துச்சு.

ஆமாங்க. ஜிவ்வுன்னு மேல போய் விரிப்போட அடியில ஒட்டிச்சு. சிலந்தி அதுக்கு மேல ஜம்முன்னு நடந்து வருது. ஒரு பனித்துளி வானத்தைப் பாத்துச் சொட்டுது. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாத்தாங்க. "என்னம்மா இது, வேற ஏதாவது கிரகமா?"

திரும்பிப் பாத்தா, கூட வந்திருந்த சித்தப்பா பேயறைஞ்ச மாதிரி நிக்கறார். கிட்டப் போய்ப் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னேன்.

"சிலந்தி தலைகீழா இருந்துச்சும்மா. நீ படுத்த வாக்குல கேமராவைத் தலைகீழா பிடிச்சுட்டேன்னு நெனச்சேன். சொன்னா மனசு உடைஞ்சுடுவியேன்னு நானே திருப்பி வச்சுட்டேன்."

"அது வாழறதே அப்படித்தான் சித்தப்பா! என்னை ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆயுசுக்கும் அந்த மேஜைதான்னு முடிவே பண்ணிட்டேன்.

அந்தம்மா கைப்பையை எடுத்துட்டாங்க. ரிமோட்ல எந்தப் பட்டனை அமுக்கினாலும் படம் திரும்பல.

"கொஞ்சம் உட்காருங்கம்மா"ன்னார் சித்தப்பா. "பொண்ணு சரியாத்தான் எடுத்திருக்கா. திருப்பிக் கெடுத்தவன் நான்." சொல்லிட்டு மேஜை மேல இருந்த புரொஜெக்டரை அலாக்காத் தூக்கி, கவுத்து, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டார். "ம், சிலந்தி வர்ற இடத்துல இருந்து போடு."

போட்டேன். கொசு கீழ விழுந்துச்சு. மேடம் அடியில ஓடி வந்து லபக்குன்னு இழுத்தாங்க. பின்வரிசையில யாரோ "அம்மாடி!"ன்னாங்க. சித்தப்பா கை நடுங்க நடுங்கத் திரையில செடியே ஆடுச்சு. "காத்துகூட அழகா வந்திருக்கே"ன்னாங்க அந்தம்மா.

படம் முடிஞ்சு எழுத்து வந்துச்சு. அதை மட்டும் அவர் நேரா போட்டிருந்தார், அதனால இப்போ அது தலைகீழா நின்னுச்சு. எல்லாரும் கழுத்தை ஒடிச்சுக்கிட்டுப் படிச்சோம். "ஒளிப்பதிவு"ன்னு இருந்துச்சு. பக்கத்துல என் பேரு. அவர் பேரு இல்ல, ஸ்டுடியோ பேரும் இல்ல. நான் சொதப்பிட்டேன்னு நம்பிக்கிட்டே என் பேரைப் போட்டிருக்கார் மனுஷன்!

கோபம் போன இடம் தெரியல.

அந்தம்மா என்னைப் பாத்து, "அடுத்தது தட்டான். எடுப்பியா?"ன்னாங்க.

நான் பதில் சொல்றதுக்குள்ள பின்னாடி இருந்து சித்தப்பா கத்தினார்: "எடுப்பா, எடுப்பா, பிரமாதமா எடுப்பா! மொதல்ல யாராவது இந்த மெஷினை வாங்குங்களேன், கை சுடுது!"