மைக்கேல் டோஹர்ட்டியின் மரணப் பதிவு

ரிட்டயர் ஆன கையோடு மரியபுஷ்பம் சிஸ்டருக்கு அயர்லாந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. கூட வேலை பார்த்த நர்சுகள் எல்லாம் பேரப்பிள்ளைகளைத் தேடிக் கிளம்ப, இவள் டில்லி கோல் மார்க்கெட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஸ்காட்லாந்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கேலி செய்யக்கூட வீட்டில் ஆள் இல்லை. பிரச்சினையே அதுதான்.

கல்யாணம் கட்டவில்லை. இருந்த ஒரே தம்பியும் தொண்ணூற்றைந்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சமிருந்தது அம்மா சொன்ன ஒரு கதை. அம்மாவின் தாத்தா ஜான் டோஹர்ட்டி அயர்லாந்துக்காரர். திருச்சி ரயில்வேக்கு வேலைக்கு வந்து தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அவரோடு ஊரைவிட்டுப் புறப்பட்ட அண்ணன் மைக்கேல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ துறைமுகத்தில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். அந்த மைக்கேலுக்குப் பிள்ளைகள் இருந்தால், பிள்ளைகளுக்குப் பேரன் பேத்திகள் இருந்தால், என் ஆள் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் யாராவது ஒருவர் இருப்பார். மரியபுஷ்பத்துக்கு அந்த ஒருவர் போதும்.

அயர்லாந்தின் பழைய பதிவுகளில் நிறைய தீயில் போய்விட்டன என்று சர்ச் பாதிரியார் சொன்னார். “ஸ்காட்லாந்துல தேடுங்க சிஸ்டர். அங்க ஒருத்தர் செத்துப்போனா அப்பா பேரு, அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு எல்லாம் கேட்டு எழுதிருவாங்க.”

ஜானின் கல்யாணப் பதிவில் அப்பா பெயர் ஹியூ, தொழில் செருப்புத் தைப்பது என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு எடின்பரோ பதிவகத்துக்கு எழுதினாள். இரண்டு மைக்கேல்கள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் வேறு அப்பா. அதற்கே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

மூன்றாவது உறை நவம்பரில் வந்தது. படியிலேயே நின்று பிரித்தாள். மைக்கேல் டோஹர்ட்டி, துறைமுகக் கூலி, வயது அறுபத்தொன்று, இறந்தது 1909. அப்பா ஹியூ, செருப்புத் தைப்பவர். அம்மா பிரிஜிட், பிறந்த வீட்டுப் பெயர் மக்கின்லி.

“கெடச்சுட்டாரு!” என்று கத்தியேவிட்டாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் பெயருக்கு அடியில் இருந்த சின்ன வார்த்தையைப் பார்த்தாள். மணமாகாதவர். மூன்று தடவை படித்தாள். பிள்ளை இல்லை, பேரன் இல்லை, ஒருவரும் இல்லை. இரண்டு வருஷம் தேடிப் பிடித்தது தன்னைப் போலவே இன்னொரு ஒண்டிக்கட்டையை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நன்றாகவே அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவிய பிறகு கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். சாவைத் தெரிவித்தவர் யார்? மேரி ஆன் பாயில், பக்கத்து வீட்டுக்காரி. கையெழுத்து இல்லை, பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல்தான்.

ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் இந்த மாதிரிக் கட்டங்களை நிரப்பியவள் அவள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து சேர்த்த எத்தனை பேர் அவள் வார்டில் செத்திருக்கிறார்கள்! அப்பா பெயர் என்ன என்று கேட்டால் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதி அவளுக்குக் கை பழகிப்போயிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத இந்த மேரி ஆனுக்கு, மைக்கேலுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்வரை தெரிந்திருக்கிறது. சொல்லியிருக்கிறார் மனுஷர். உட்கார்ந்து கேட்க ஒருத்தி இருந்திருக்கிறாள்.

மரியபுஷ்பம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு அம்புஜம் மாமியின் கதவைத் தட்டினாள். ஒன்பது வருஷப் பழக்கம். தண்ணீர் வந்ததா, பால் வந்ததா என்பதற்கு மேல் பேசியதில்லை.

“என்ன சிஸ்டர், ஏதாவது வேணுமா? குக்கர் வச்சிருக்கேன், ஜல்தி சொல்லுங்கோ.”

“எங்கம்மா பேரு ஜூலியா, மாமி. அப்பா பேரு ஜெபதுரை.”

மாமி விழித்தாள். “அச்சா. அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சொல்லணும்.”

“யார் கேக்கப் போறா?” என்ற மாமி, எதிரே நின்றவளின் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். “சரி, சொல்றேன். ஜூலியா. ஜெபதுரை. சரிதானே?”

“சரிதான்.”

“இத்தனை வருஷமா சிஸ்டர் சிஸ்டர்னே கூப்பிட்டுண்டிருக்கேன். உங்க பேரு என்ன?”

அவள் தன் பெயரைச் சொன்னாள்.