அறுபத்தொரு வாட்ஸ்

முதல் நாள் மதியத்துக்குள்ளாகவே அவளுக்குக் ‘கரண்ட் போலீஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டட வரைபடங்கள் போடும் அலுவலகம் அது. நான்கு மாடி, எண்பத்தாறு மேசை. ஒவ்வொரு மேசையிலும் கம்ப்யூட்டர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, மானிட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து எழுதுவது அவள் வேலை. முப்பத்தைந்து வாட்ஸைத் தாண்டும் மானிட்டரைத் தூக்கிவிட்டுச் சின்னதாக ஒன்றை வைப்பதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. பிறகு யார் அவளுக்கு முகம் கொடுப்பார்கள்?

பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் அவள் செருகிவிட்டுப் போன மீட்டரை ஒருவர் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். இன்னொருவர் அவள் தலையைக் கண்டதும் மானிட்டரின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு, “நான் எப்பவும் இப்படித்தான் வெச்சிருப்பேன்” என்று சாதித்தார். அவள் வெளிச்சத்தைப் பழையபடி ஏற்றி, எண் நிலைக்கும்வரை நின்று, எழுதிக்கொண்டு நகர்ந்தாள்.

மேல் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தவள் மூன்றாம் நாள் தங்கையின் மேசைக்கு வந்து சேர்ந்தாள். இருவரும் கூடப்பிறந்தவர்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. “என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே” என்று தங்கை முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தாள்.

கம்ப்யூட்டர் தொண்ணூற்றிரண்டு காட்டியது. அதில் தகராறு இல்லை. பிளக்கை மாற்றி மானிட்டரைச் செருகியதும் எண் ஏறி அறுபத்தொன்றில் நின்றது. பழைய, அகலமான மானிட்டர்.

“முப்பத்திமூணுன்னு எழுதிட்டுப் போ.” தங்கை உதடு அசையாமல் சொன்னாள்.

“அறுபத்தொண்ணு காட்டுதுடி.”

“உன் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது. எனக்குத் தெரியலையே.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் முன்பு கண் மருத்துவரிடம் கூடப் போனவள் அவள்தான். தங்கையின் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டின கணவனிடம்கூடத் தங்கை இதைச் சொல்லவில்லை.

அக்கா குனிந்து வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாள். நாற்பத்தொன்று. “இப்போ கோடெல்லாம் தெரியுதா, பாரு.”

தங்கை மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள். வரைபடத்தில் இருந்த கதவை ஜன்னல் என்றாள். பிறகு வெடுக்கென்று வெளிச்சத்தைக் கூட்டினாள்.

“எண்பத்தாறுல ஒண்ணு. யாரு வந்து சரிபார்க்கப் போறா?”

“எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. ஒருத்தருக்கும் மாத்தி எழுதலை.”

“எல்லாரும் உன்கூடப் பொறந்தாங்களா?”

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அறுபத்தொன்று என்றே எழுதினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. படி இறங்கும்போது நின்று, குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்: ‘இங்கே வேலை செய்பவருக்குப் பார்வைக் குறைவு. இந்த மானிட்டரை எடுக்க வேண்டாம்.’ பொய்யும் எழுதவில்லை, தங்கையையும் கைவிடவில்லை என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தத் தாளை மேலாளர் அன்று சாயங்காலமே படித்துவிட்டார். மறுநாள் காலையில் தங்கையைக் கூப்பிட்டு, பரிவாகவே விசாரித்தாராம். சுவர் அளவைச் சரிபார்க்கிறவருக்குப் பார்வை குறைவு என்றால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றாராம். மானிட்டர் அந்த மேசையிலேயே இருந்தது. ஆளைத்தான் மாற்றினார்கள். பதினோரு வருஷம் வரைபடம் பார்த்தவள் கீழ்த்தளத்தில் வருகிறவர் போகிறவர் பெயரைப் பதியும் இடத்துக்குப் போனாள்.

கேள்விப்பட்ட அன்றே அக்கா தங்கை வீட்டுக்கு ஓடினாள். தங்கை கதவைப் பாதி திறந்து, நிலையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“நான் நல்லதுக்குத்தான்டி எழுதினேன்.”

“தெரியும். கெடுக்கணும்னு எழுதியிருந்தா நாலு திட்டுத் திட்டிட்டு ஆறியிருப்பேன். பொய் எழுத மாட்டேன்னா எண்ணை மட்டும் எழுதிட்டுப் போயிருக்கலாம்ல? சின்ன மானிட்டரை வெச்சு எப்படியோ சமாளிச்சிருப்பேன். என் கண்ணைப் பத்தி ஊருக்குச் சொல்ல நீ யாரு?”

உள்ளேயிருந்து அவள் கணவன், “எந்தக் கண்ணு? என்னாச்சு?” என்று கேட்டான்.

“பாரு, இவருக்கும் சொல்லியாச்சு. போதுமா?” கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வாரம் கீழ்த்தளத்தை அளக்க வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லி அக்கா கேட்டாள். வேறு ஆள் இல்லை. அவள் மீட்டரோடு வருவதைப் பார்த்ததும் தங்கை எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். அக்கா மண்டியிட்டு, மேசைக்கடியில் பிளக்கைத் தேடிச் செருகினாள். புது மானிட்டர், சின்னது. திரையில் எழுத்துகளைத் தங்கை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தாள். நான்கு பெயருக்கு மேல் அதில் கொள்ளவில்லை.

பத்தொன்பது வாட்ஸ். அவள் எழுதினாள். குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். மீட்டரைக் கழற்றி நிமிர்ந்தபோதும் தங்கை திரும்பவில்லை. வந்திருந்த ஒருவர் பெயர் பதியக் காத்திருந்து அலுத்து, அக்காவைப் பார்த்து, “இங்க உக்காந்திருந்தவங்க எங்கம்மா?” என்றார்.

“நான் போனதும் வந்துருவாங்க” என்றாள் அவள்.